ஓர் அண்டா கூழும் மூன்று தெர்மாமீட்டர்களும்

கரிந்த வாசனையை முதலில் பிடித்தவள் மனைவிதான். "ஏங்க, பால்கனியில் ஏதோ அடி பிடிக்கிறது போலிருக்கிறதே!" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். நான் திரையைப் பார்த்தேன். 65.8 டிகிரி. நான் கேட்டிருந்தது 66. இதற்கு மேல் ஒரு கருவி என்னதான் செய்யும்? "பக்கத்து வீட்டில் பால் பொங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து, ஹோஸ் வழியாக அண்டாவுக்குத் திரும்பும் சாறு தேன் நிறத்திலிருந்து டிகாஷன் நிறத்துக்கு மாறியது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுவிட்சை அணைத்தேன்.

அது மால்ட் பாகு எடுக்க நான் வைத்த இரண்டாவது அண்டா. முதலாவதும் தேறவில்லை. மூன்றும் நான்கும் அரைகுறை. ஐந்தாவதுதான் நினைத்தபடி வந்தது. அந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மனைவி வீட்டிலேயே ரொட்டி சுட்டு, பெங்களூரின் அல்சூரில் நாலைந்து வீடுகளுக்குக் கொடுக்கிறாள். அதற்கு மால்ட் பாகு தேவை. கடையில் இருந்த சின்னஞ்சிறு பாட்டிலின் விலையைப் பார்த்ததும் என்னுள்ளிருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டார். பீணியாவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. அதனால் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு எப்போதுமே அரைத்தூக்கம்தான். முளைகட்டி உலர்த்திய பார்லியை (மால்ட் என்பது இதுதான்) உடைத்து, வெந்நீரில் கலந்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே சூட்டில் வைத்திருந்தால் தானியத்தின் மாவுச்சத்து தானாகவே சர்க்கரையாகிவிடும். சாற்றை வடித்துச் சுண்டக் காய்ச்சினால் பாகு. வேறொன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

பீர் காய்ச்சுகிறவர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள். அவர்கள் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் போடுகிறார்கள். நான் ஈஸ்டுக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்கிறேன். கர்நாடகத்தில் 1965-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். அப்படிக் காய்ச்சினாலும் எங்கள் வீட்டில் குடிக்க ஆள் இல்லை என்பது இன்னொன்று. வெந்நீரில் கிடக்கும் இந்தக் கலவைக்குத் தமிழில் பொருத்தமான சொல் 'ஊறல்'தான். ஆனால் நம் பத்திரிகைகளில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் 'அழிப்பு', 'கைது' என்ற இரண்டு சொற்கள் காவலுக்கு நிற்கும். ஆகவே கூழ் என்றே சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு பங்கு ராகியும் இருப்பதால் பொய்யும் இல்லை.

கூழின் சூட்டுக்கு ஏன் இத்தனை பாடு? முளைத்த தானியத்தில் இரண்டு நொதிகள் (என்சைம்கள்) இருக்கின்றன. பீட்டா அமிலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாகக் கத்தரித்து மால்டோஸ் என்ற சர்க்கரையைத் தருகிறது. 60 முதல் 65 டிகிரி வரை அதற்குச் சுகம். 70-ஐ எட்டினால் விரைவாகவே செயலிழந்துவிடும். ஆல்ஃபா அமிலேஸ் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். அதற்கு 70 டிகிரி வரை உற்சாகம். 80-ல் அதுவும் ஓய்ந்துவிடும். சூட்டைக் குறைத்து வைத்தாலோ மாவு சரியாக வெந்து கரையாது. கரையாத மாவை எந்த நொதியும் சீண்டாது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்க ஒப்புக்கொள்ளும் சூடு 66-ஐ ஒட்டியது. அண்டாவை அடுப்பில் வைத்துக் கரண்டியால் கிளறி இந்தச் சூட்டை ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருக்கலாம். பொறுமையுள்ளவர்கள் அப்படியே செய்கிறார்கள். எனக்குப் பொறுமை இல்லாததால்தான் மோட்டாரும் மின்சாரமும் வந்தன.

அமைப்பு இதுதான். 25 லிட்டர் எவர்சில்வர் அண்டா. அடியில் கால் வைத்த துளைத் தட்டு. தட்டுக்குக் கீழே அரை இஞ்ச் குழாய். அதிலிருந்து 24 வோல்ட் மோட்டார் சாற்றை இழுத்து, ஒன்றரை இஞ்ச் அகலமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள எவர்சில்வர் குழாய்க்குள் அனுப்புகிறது. அந்தக் குழாய்க்குள் 1500 வாட் ஹீட்டர் காயில் உட்கார்ந்திருக்கிறது. சூடான சாறு சிலிக்கோன் ஹோஸ் வழியாகத் திரும்பி வந்து கூழின் தலையில் விழுகிறது. கூழ் அசைவதில்லை, சாறு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணுச் சுவிட்ச் திறந்து மூடுகிறது. ரிலேயை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஆட்டிவைக்கிறது.

மின்சாமான்களுக்கு வழக்கம்போல எஸ்.பி. ரோடுதான். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தால், வேண்டியதை வாங்கிவிட்டு வேண்டாததையும் இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு வரலாம். காயில் பொருத்தும் குழாயை மட்டும் லேத் பட்டறையில் இழை வெட்டி வாங்கினேன். குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சாறு அடியில் நுழைந்து உச்சியில் வெளியேற வேண்டும். படுக்கவைத்தால் மேல்பக்கம் காற்று தங்கிவிடும், காயிலின் ஒரு பகுதி நீரில்லாமல் காயும். 230 வோல்ட்டும் சர்க்கரைத் தண்ணீரும் ஓரடி இடைவெளியில் இருக்கும் இடம் இது. எர்த் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்சும் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

முதல் அண்டாவில் நான் செய்த தவறு படித்தவன் செய்யும் தவறு. சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கக் கொதிக்கும் நீரில் அதை விட்டேன். 97 காட்டியது. நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று ஆறாம் வகுப்பில் படித்தவன் அல்லவா, சென்சார் மூன்று டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, நிரலில் மூன்றைக் கூட்டிவிட்டேன். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு டிகிரி அளவுக்கு இறங்கும். இங்கே நீர் கொதிப்பதே 97-ல்தான். சென்சார் சொன்னது சத்தியம், திருத்தியவன்தான் பொய்யன். திரையில் 66 ஒளிர்ந்த அந்த ஒன்றரை மணி நேரமும் கூழ் 63-ல் கிடந்தது. சாறு என்னவோ இனித்தது. ஆனால் வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு அதன்மேல் மருந்துக்கடை அயோடினை ஒரு சொட்டு விட்டபோது கருநீலமாகிவிட்டது. மாவு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் ஐஸ் கட்டியை நொறுக்கி நீரில் போட்டு, அதே சென்சாரை விட்டபோது திரை 3.3 காட்டியது. திருத்தத்தை நீக்கினால் 0.3. குட்டு வெளிப்பட்டது. சென்சாரைச் சோதிக்க ஐஸ் தண்ணீரே உத்தமம்; அதற்கு ஊரின் உயரம் தெரிய வேண்டியதில்லை.

இனி இரண்டாவது அண்டா. இந்த முறை இரண்டு கிலோ பார்லி மால்ட்டுடன் ஒரு கிலோ முளைகட்டிய ராகியையும் சேர்த்தேன். சிறுதானியங்களில் மாவைச் சர்க்கரையாக்கும் திறம் முளைராகிக்கு நன்றாகவே உண்டு; வாசனையும் நம் ஊர் வாசனை. இரவெல்லாம் ஊறவைத்து, ஈரத்துணியில் மூன்று நாள் கட்டி வைத்து, மொட்டைமாடியில் காயவைத்து, வேர்களைத் தேய்த்து உதிர்த்தவர் என் அம்மா. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்த் தெருமுனை மாவு மில்லில் கொடுத்தேன். மில்காரர் "தோசைக்கா, ரொட்டிக்கா?" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் ரொட்டிக்கு என்றேன். பட்டுப்போல அரைத்துக் கொடுத்தார். எல்லாக் கேடும் அந்த ஒரு சொல்லில் தொடங்கியது.

12 லிட்டர் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி மாவைக் கொட்டினேன். 25 டிகிரியில் இருக்கும் மூன்று கிலோ தானியம் நீரின் சூட்டை நான்கு டிகிரி உறிஞ்சிக்கொண்டு 66-ல் நிற்கும் என்பது கணக்கு. தானியம் தன் எடைக்கு, நீர் வாங்கும் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் வாங்கும். மூன்று கிலோ தானியம் 1.2 லிட்டர் நீருக்குச் சமம். கணக்கு பலித்தது. சென்சாரைக் கூழின் நடுவில் செருகியிருந்தேன். சூடு தெரிய வேண்டியது கூழில்தானே, அங்கே வைப்பதுதானே நியாயம்? 66-க்குக் கீழே போனால் காயிலைப் போடு, மேலே வந்தால் அணை. குளிர்பதனப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் இப்படித்தானே பிழைக்கின்றன.

அடுத்த அரை மணியில் நடந்தது பிறகுதான் எனக்கு விளங்கியது. பார்லிக்கு உமி உண்டு. உடைத்தாலும் உமி முழுசாக நின்று வைக்கோல் மெத்தைபோல் இடைவெளி விட்டுச் சாற்றை வடியவிடும். ராகிக்கு அப்படி உமி கிடையாது. நைசாக அரைத்த ராகி பசைபோல் துளைத் தட்டின்மேல் படிந்தது. மோட்டாரோ கீழிருந்து உறிஞ்சி அந்தப் பசையை இன்னும் இறுக்கியது. ஹோஸிலிருந்து விழுந்த கனமான தாரை விரல் தடிமனாகி, நூலாகி, கடைசியில் சொட்டாயிற்று. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர ஹோஸைப் பார்க்கவில்லை.

ஞாயிறு இரவு பேரேட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 கிலோஜூல். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 1500 வாட் காயில் சாற்றை 5.4 டிகிரிதான் உயர்த்தும். 66-ல் நுழைவது 71-ல் வெளியேறும், பெரிய பாதகமில்லை. ஓட்டம் நிமிடத்துக்கு ஒரு லிட்டராகக் குறைந்தால் உயர்வு 21 டிகிரிக்கு மேல். வெளியே வருவது 87. அரை லிட்டரானால் 43 டிகிரி கூட வேண்டும். அதற்குள் 97 வந்துவிடும், சாறு குழாய்க்குள்ளேயே கொதிக்கும். காயிலின் மேல் சர்க்கரையும் மாவும் கரியும். நொதிகள் தானியத்தோடு கட்டிப்போட்டவை அல்ல, சாற்றில் கரைந்து திரிகின்றன. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் பன்னிரண்டு நிமிடத்தில் அண்டா முழுவதும் ஒரு முறை அந்தச் சூளைக்குள் போய்த் திரும்பிவிடும். கூழின் நடுவில் இருந்த சென்சார் இதில் எதையும் காணவில்லை. மேலே சொட்டுச் சொட்டாக விழும் கொதிநீர் நடுவுக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை அது குளிர்கிறது, குளிர்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆர்டுயினோவும் காயிலை அணைக்காமல் எரித்துக்கொண்டிருந்தது.

சரக்கு வாசலில் நுழையும்போது எண்ணாமல், கிடங்கின் நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்த மேற்பார்வையாளன் நான். வேலையிடத்தில் இதை வேறு யாராவது செய்திருந்தால் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதியிருப்பேன்.

கரிந்த சாற்றைச் சாக்கடையில் கொட்டினேன். சக்கையைத் தெருமுனைப் பால்காரரின் மாட்டுக்குக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காயிலில் ஒட்டிய கரியைச் சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து எடுக்க இரண்டு நாள் மாலை வேலை.

திங்கட்கிழமை இதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பராமரிப்புப் பிரிவு அண்ணனிடம் சொன்னேன். சேலத்துக்காரர், பாய்லரோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர். மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். "தம்பி, காயிலுக்குப் பக்கத்தில் என்ன சூடு என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"தெரியாத இடத்தில் 1500 வாட் போட்டிருக்கிறாய்." அவ்வளவுதான் சொன்னார். ஊறுகாயை எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து எழும்போது இன்னொன்று சொன்னார். ரிலே கெட்டால் அணைந்த நிலையில் கெடுவது குறைவு, பெரும்பாலும் எரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆர்டுயினோ என்ன கத்தினாலும் கேட்காது. அதனால் காயிலுக்குப் போகும் கம்பியில், யாரையும் கேட்காமல் தானாக அறுத்துக்கொள்ளும் ஒன்று இருக்க வேண்டும் என்றார். வில்லைபோன்ற தெர்மோஸ்டாட் ஒன்று உண்டு, கேஎஸ்டி 301 என்று கேட்டால் கொடுப்பார்கள். 90 டிகிரியில் திறந்துகொள்வது ஒன்றை வாங்கிக் காயில் குழாயின் வெளிப்புறத்தில், உச்சிக்கு அருகே, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அப்போது இது வீண் செலவு என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது அண்டாவுக்கு முன் ஓட்டத்தைச் சரிசெய்தேன். மில்காரரிடம் இம்முறை "கோதுமை ரவை பதத்துக்கு ஒரே ஓட்டு, பார்லி உமி நசுங்கக் கூடாது" என்றேன். கல்லின் இடைவெளியைத் திறந்துவிட்டு ஓட்டினார். கையில் அள்ளிப் பார்த்தால் உமி முழுசாகவும் உள்ளே பருப்பு நாலைந்தாக உடைந்தும் இருந்தது. ராகியை வீட்டு மிக்சியில் இரண்டு சுற்று மட்டும். மாட்டுத் தீவனக் கடையில் நெல் உமி கால் கிலோ வாங்கி, மூன்று தண்ணீர் கழுவி, கொதிக்கவைத்து வடித்துக் கூழோடு கலந்தேன். கலந்ததும் மோட்டாரைப் போடாமல் பத்து நிமிடம் அப்படியே படியவிட்டேன். பிறகு மோட்டாரின் வெளிவாயில் வால்வைக் கால் திருகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். உறிஞ்சும் பக்கத்து வால்வைத் தொடக் கூடாது. அங்கே இறுக்கினால் மோட்டார் காற்றைக் குடித்துக் கடகடக்கும். அளவு பார்க்க ஒரு லிட்டர் குவளையும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். குவளை நிரம்பப் பதினைந்து நொடி எடுத்தால் நிமிடத்துக்கு 4 லிட்டர். அன்று பதினாறு, பதினேழு நொடிகளில் நிரம்பிக்கொண்டே இருந்தது.

காயில் குழாயிலிருந்து சாறு வெளியேறும் வாசலில், T வடிவ இணைப்பு ஒன்றுக்குள் இரண்டாவது சென்சாரை வைத்தேன். ஆனால் வேடிக்கை பார்க்க மட்டும். காயிலை ஆட்டுவது இன்னும் நடுவில் இருந்த பழைய சென்சார்தான். போடு, அணை என்ற முறையை விட்டுவிட்டுப் பிஐடி முறைக்கு மாறினேன். பிஐடி என்பது மூன்று எழுத்து. எனக்கு வட்டிக் கணக்கு தெரியும் என்பதால் உடனே பிடிபட்டது நடு எழுத்து ஒன்றுதான். குறை எவ்வளவோ அவ்வளவு சூடு கொடு என்பது முதல் எழுத்து. அந்தக் குறை எத்தனை நேரமாகத் தீராமல் இருக்கிறதோ அதற்கு வட்டி போட்டுச் சேர்த்துக்கொண்டே போ என்பது இரண்டாவது. குறை எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே கையை இழு என்பது மூன்றாவது.

வட்டியில்தான் சிக்கினேன். தானியம் அன்று குளிர்ந்திருந்ததால் கூழ் 63-ல் தொடங்கியது. மூன்று டிகிரி குறை. சூடான சாறு நடுவுக்கு வந்து சேரக் கால் மணி ஆவதால், அத்தனை நேரமும் வட்டி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கூழ் 66-ஐ எட்டி, அசல் தீர்ந்த பிறகும், சேர்ந்த வட்டி தீரும்வரை காயில் எரிந்தது. கந்துவட்டிக்காரன் தோற்றான். 71 வரை போய்த்தான் இறங்கியது. வாசல் சென்சார் அதற்கு முன்பே 75, 76 என்று காட்டிக்கொண்டிருந்தது. அதன் பேச்சைக் கேட்கத்தான் நான் ஏற்பாடு செய்யவில்லை. ஆனாலும் கரியவில்லை, அயோடின் பழுப்பும் நீலமுமாகக் குழம்பிக் காட்டியது. பாகு வந்தது, இனிப்புதான் குறைவு. மனைவி ரொட்டியில் போட்டுவிட்டு, "பரவாயில்லை" என்றாள். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் இரண்டாவது பாடத்தை டீ இடைவேளையில் சொன்னார். இரண்டு சென்சாரில் எது முதலாளி என்று கேட்காதே, இரண்டு பேருக்கும் இரண்டு வேலை கொடு என்றார். நடு சென்சார் மெதுவானது. அது அரை நிமிடத்துக்கு ஒரு முறை வாய் திறந்தால் போதும். "எனக்கு இன்னும் ஒரு டிகிரி வேண்டும், ஆகவே வாசலில் 68 வரட்டும்" என்று மட்டும் சொல்லட்டும். வாசல் சென்சார் வேகமானது. காயிலுக்கும் அதற்கும் இடையில் சில நொடிகள்தான். வாசலில் 68-ஐப் பிடித்து நிறுத்துவது அதன் பொறுப்பு. நடு சென்சார் எவ்வளவு கெஞ்சினாலும் வாசல் 69-ஐத் தாண்டக் கூடாது. ஓட்டம் குறைந்தால் வாசல் சூடு உடனே ஏறும், காயில் உடனே குறையும். ஹோஸை ஆள் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. வட்டிக்கும் உச்சவரம்பு போட்டேன்: காயில் முழு வீச்சில் இருக்கும்போதோ வாசல் வரம்பில் முட்டியிருக்கும்போதோ வட்டி ஏறாது. காயில் குழாய்க்குள் நுழையும் இடத்திலும் மூன்றாவதாக ஒரு சென்சார் வைத்தேன். வரவும் செலவும் தெரிந்தால் இருப்பு தெரியாதா? நுழைவுக்கும் வாசலுக்கும் உள்ள வித்தியாசமும் காயிலுக்குக் கொடுத்த வாட்டும் கையில் இருந்தால், ஓட்டம் எத்தனை லிட்டர் என்பது வகுத்தல் கணக்கு. ஓட்டமானி வாங்கி அதன் சக்கரத்தில் ராகி சிக்கி அவதிப்படுவதற்கு இது மேல்.

நான்காவது அண்டா அழகாகத் தொடங்கியது. இருபது நிமிடம் கோடு போட்டதுபோல் 66. நான் உள்ளே போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் ரிலேயின் சிவப்பு விளக்கு இமைக்காமல் நிலைகுத்தி எரிந்துகொண்டிருந்தது. திரையில் வாசல் சென்சார்: −127. பெங்களூரின் டிசம்பர் குளிர் எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு இல்லை. சென்சாரோடு தொடர்பு அறுந்துவிட்டால் நிரல் நூலகம் திருப்பித் தரும் எண் அது. ஆர்டுயினோ அதைச் சூடு என்றே நம்பி, 190 டிகிரிக்கு மேல் குறை என்று கணக்கிட்டு, 1500 வாட்டையும் திறந்துவிட்டது. ஓடிப்போய்ச் சுவிட்சை அணைக்கப் போனேன். அதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். நான் வீண் செலவு என்று நினைத்த அந்த வில்லை காயிலை அறுத்துவிட்டிருந்தது.

காரணம் ஓர் இணைப்பு. ஹோஸ் விழும் இடத்திலிருந்து எழுந்த ஆவி கம்பியின் மேல் நீராகி, கம்பி வழியே வழிந்து, நான் முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்புக்குள் இறங்கியிருந்தது. டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பிடித்திருந்தது. பதிவைப் பின்னோக்கிப் பார்த்தேன். அன்று காலையிலிருந்தே இடையிடையே சரியாக 85.00 என்று ஒரு எண் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நான் பயன்படுத்தும் டிஎஸ் 18பி20 வகைச் சென்சாருக்கு மின்சாரம் ஒரு கணம் போய்த் திரும்பினால், அடுத்த அளவை எடுத்து முடிக்கும் வரை அது சொல்லும் எண் 85. சென்சார் காலையிலிருந்தே நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைச் சின்ன இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தேன்.

இப்போது இணைப்புகளை ஈயம் பற்றவைத்து, சுருங்கும் உறை போட்டு, கம்பியை இணைப்புக்கு முன் தொங்கலாக வளைத்துவிட்டேன். வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். நிரலிலும் சில வரிகள் சேர்த்தேன். பூஜ்யத்துக்குக் கீழான எண்ணும், சரியாக 85 என்ற எண்ணும் குப்பை. தொடர்ந்து மூன்று குப்பை வந்தால் காயில் அணையும், மணி அடிக்கும், நான் வந்து பொத்தானை அமுக்கும்வரை திரும்ப எரியாது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். மின்சாரம் போனாலும் சாறு சுற்றும், கூழ் மெதுவாகத்தான் ஆறும்.

ஐந்தாவது அண்டா, போன ஞாயிறு. கூழ் 65.1-ல் தொடங்கியது. வாசல் ஒரே நிமிடத்தில் 69-க்குப் போய் அங்கேயே நின்றது. பத்தாவது நிமிடத்தில் நடு 66. வாசல் தானாக 67-க்கு இறங்கிக்கொண்டது. அண்டாவைச் சுற்றிப் பழைய கம்பளி, மேலே தட்டு. அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம் நடு சென்சார் 65.7-க்கும் 66.3-க்கும் வெளியே போகவில்லை. ராகியின் மாவு பார்லியைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் முழுசாக இளகும் என்பதால் கடைசி இருபது நிமிடம் 70-க்கு ஏற்றினேன், வாசல் வரம்பை 73 ஆக்கி. ஏற ஆறு நிமிடம் பிடித்தது. முழு வாட்டும் கொடுத்தால் மூன்று நிமிடம்கூட ஆகாது. அவசரம் என்ன, ஞாயிறுதானே? ஓட்டக் கணக்கு ஒரு முறை மட்டும் நிமிடத்துக்கு 2.6 லிட்டருக்கு இறங்கியது. வாசல் சூடு ஏறியதும் காயில் தானே அடங்கிக்கொண்டது. நான் வால்வைக் கொஞ்சம் மூடி, கூழின் மேல்பரப்பைக் கரண்டிக் காம்பால் மெல்லக் கீறிவிட்டு, மறுபடி திறந்தேன்.

எண்பதாவது நிமிடத்தில் வெள்ளைத் தட்டை எடுத்து ஒரு சொட்டுச் சாறு, ஒரு சொட்டு அயோடின். மஞ்சளாகவே கிடந்தது. சமையலறை விளக்கின் கீழ் கொண்டுபோய்ப் பார்த்தேன்; மஞ்சள்தான். கரைந்த சர்க்கரையின் சதவீதத்தைக் காட்டும் பிரிக்ஸ் மானியில் 15. முதல் அண்டாவில் அது 11-ஐத் தாண்டவில்லை. அந்த மானி சர்க்கரையையும் அரைகுறையாக அறுந்த மாவையும் பிரித்துப் பார்க்காது. அதனால் அயோடின் தட்டையும் சேர்த்து வைத்துத்தான் அதை நம்ப வேண்டும்.

வடித்தது ஒன்பது லிட்டர். பாகானது 1.8 கிலோ. சுண்டவைக்கும்போது ஆவியாகும் நீரைக் கணக்கிட்டால் ஏறத்தாழ முக்கால் கிலோ எரிவாயு போகிறது என்பதை இதுவரை வீட்டில் சொல்லவில்லை. சக்கையை மாடு மிச்சம் வைக்காமல் தின்றது. குழாயைப் பிரித்துக் காயிலை வெளியே எடுத்தேன். கரி இல்லை, ஆழ்துளைக் கிணற்று நீரின் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. எலுமிச்சை உப்புக் கரைசலில் ஓர் இரவு போட்டுவைத்தேன். காலையில் பார்த்தால் புதுக் காயில்.